மூன்றாவது பூட்டு

எங்கள் ஊர் அதிதூதர் கோயிலுக்குக் கதவு ஒன்று, பூட்டு மூன்று. மூன்று வீட்டாரிடம் மூன்று சாவி. மூன்று பேரும் ஒன்றாக வந்து நின்றால்தான் கதவு திறக்கும். எண்ணூறு வருடமாக உள்ளே இருக்கும் வெள்ளித் திருவுருவத்தை எந்தப் படையும் எந்த அதிகாரியும் தூக்கிக்கொண்டு போகாததற்கு இதுதான் காரணம். ஒருத்தரை ஒருத்தர் நம்பாததால் பிழைத்த கோயில் என்று என் அப்பா சொல்லிச் சிரிப்பார்.

மூன்றாவது சாவி அப்பாவுடையது. பிப்ரவரியில் கண்ணை மூடுவதற்கு முன்னால் அதை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். அவருக்கு மகன் இல்லை. அதனால் என்ன? பதினொரு வருடமாக அந்தப் பூட்டுக்கு எண்ணெய் போட்டவளும், கோயில் கூரையிலிருந்து பனியைத் தள்ளியவளும் நான்தான். ஆனால் நாற்பதாம் நாள் சாப்பாடு முடிந்ததும் மற்ற இரண்டு வீட்டார் என்னைக் கூப்பிடாமலே கூடி, சாவி என் சித்தப்பா மகன் தாரியேலுக்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவன் தலைநகர் திபிலிசியில் குடியிருப்பவன். ஆகஸ்டில் வந்து ஆட்டுக்கறி தின்றுவிட்டுப் போவான். பெண்ணிடம் சாவி இருந்ததில்லையாம். தர மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து கதவு திறக்கவில்லை. ஜூலைத் திருவிழாகூட வாசலிலேயே நடந்தது. என்னைத் திட்டாத வாய் ஊரில் இல்லை.

செப்டம்பர் கடைசியில் மக்வலா வந்தாள். திராட்சை விளையும் ககேத்திச் சமவெளியில் பள்ளி ஆசிரியை. வீங்கிய முழங்காலோடு கணவாயைத் தாண்டி நடந்தே வந்து என் வீட்டில் தங்கினாள்.

"எங்க பக்கத்துக் கோயில்ல சுவர் ஓவியத்து மேலெல்லாம் சுண்ணாம்பு அடிச்சுட்டாங்கம்மா. உங்க கோயில் ஓவியத்தோட போட்டோவைக் காலேஜ்ல படிக்கறப்ப கறுப்பு வெள்ளையில பார்த்தேன். அந்த அதிதூதர் இறக்கை என்ன நிறம்னு இன்னிவரைக்கும் தெரியாது," என்றாள்.

எனக்குத் தெரியும். ஆனால் வாயால் சொல்கிற விஷயமா அது?

முதல் சாவிக்காரர் பிமுர்சாவுக்கு மூளை வேலை செய்தது. விருந்தாளியைத் திருப்பி அனுப்ப எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது, எனக்கும் வராது என்று கணக்குப் போட்டு, தாரியேலைப் போன் செய்து வரவழைத்துவிட்டார். மறுநாள் காலை எல்லோரும் வாசலில் நின்றோம். பிமுர்சா தன் பூட்டைத் திறந்தார். இரண்டாவது சாவிக்காரர் அல்மாஸ்கான் தன்னுடையதைத் திறந்தார். பிறகு பிமுர்சா என் முன்னால் கையை நீட்டினார்.

"குடு குராந்தா. விருந்தாளி குளிர்ல நிக்கறாங்க."

"நானுந்தான் நிக்கறேன், மாமா. என் பூட்டை நானே திறக்கறேன்."

"பொம்பளை கை படக்கூடாது."

"பதினோரு வருஷமா யார் கை பட்டுது? அப்பல்லாம் அதிதூதர் தூங்கிட்டிருந்தாரா?"

அல்மாஸ்கானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிமுர்சா முறைத்ததும் அதை இருமலாக்கிக்கொண்டார்.

"வெளியூர்ப் பொம்பளைங்க உள்ள போறாங்க, போட்டோ எடுக்கறாங்க. அவங்க காலு படலாம், என் விரல் படக்கூடாதா?" என்றேன். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

மக்வலா தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "இவங்க திறந்தா உள்ள வரேன். இல்லேன்னா பார்க்காமலே இறங்கிப் போறேன்."

அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவள் அப்படிச் சொன்னதும் நான் சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். தாரியேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"அக்கா, ஒரு இரும்புத் துண்டுக்கு இவ்வளவு கூத்தா? குடு. நாலு மணிக்கு நான் கிளம்பியாகணும்."

"எங்கடா கிளம்பறே?" என்றேன். "சாவி வாங்கறவன் சத்தியம் பண்ணணுமே. பனி விழுந்ததுலேருந்து உருகற வரைக்கும் பள்ளத்தாக்கை விட்டு ஒரு ராத்திரிகூட வெளிய தங்க மாட்டேன்னு. பிமுர்சா மாமா, நீங்க பண்ணினீங்களா இல்லையா?"

அவர் பண்ணியிருந்தார். அல்மாஸ்கானும் பண்ணியிருந்தார். இருபது வருடமாக எந்தச் சாவியும் கை மாறாததால் யாரும் புதிதாகச் சத்தியம் செய்யவில்லை. ஆத்திரத்தில் எல்லோருமே அதை மறந்துவிட்டார்கள்.

"பண்ணுவான்," என்றார் பிமுர்சா.

"எங்க வெச்சு?"

"உள்ள, திருவுருவத்துக்கு முன்னால..." என்றவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

சத்தியம் செய்யாதவன் சாவியை வாங்கக்கூடாது; அதுவரை அது இறந்தவர் வீட்டிலேயே இருக்கும். சத்தியம் செய்ய உள்ளே போகவேண்டும். உள்ளே போக மூன்றாவது பூட்டு திறக்கவேண்டும். நான் சாவியைத் தூக்கிக் காட்டினேன். பிமுர்சா முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"திற," என்றார்.

திறந்தேன்.

மெழுகுவத்தி ஏற்றியதும் சுவர் ஓவியங்கள் எழுந்து வந்தன. மக்வலா எங்களையெல்லாம் மறந்து, அண்ணாந்து பார்த்தபடி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தாரியேல் வெள்ளித் திருவுருவத்தின் முன்னால் போய் நின்றான். எங்கள் ஆட்கள் நீதிமன்றத்தில் கூசாமல் பொய் சொல்வார்கள். அந்த முகத்துக்கு முன்னால் மாட்டார்கள். ஒரு பசுமாட்டுக்காக அங்கே பொய்ச் சத்தியம் செய்தவனின் பேரப்பிள்ளைக்கு இன்றுவரை ஊரில் பெண் கிடைக்கவில்லை. தாரியேல் வாயைத் திறந்தான், மூடினான். அந்தக் குளிரிலும் அவன் நெற்றி வியர்த்தது.

"எனக்கு அங்க வேலை இருக்கு மாமா," என்று முனகிவிட்டு வெளியே போய்விட்டான்.

நான் முன்னால் போனேன்.

"பொம்பளை சத்தியம் பண்றதில்ல," என்றார் பிமுர்சா.

"வேண்டாம்னா அவரே சொல்லட்டும்," என்று திருவுருவத்தைக் காட்டினேன்.

பிமுர்சா விலகி வழிவிட்டார். நான் ஆரம்பித்தேன். பனி விழுந்ததிலிருந்து என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பள்ளத்தாக்குக்கு வெளியே, குத்தாயிசி நகரத்தில் என் மகளுக்கு ஜனவரியில் முதல் பிரசவம். கூட இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஜனவரியில் போனால் நான் சாவிக்காரி இல்லை. சத்தியத்தை ஒரு சொல் விடாமல் முடித்தேன்.

பிமுர்சா பக்கத்தில் வந்தார். குழந்தைக்காக அவர் மனைவி கம்பளிக் காலுறைகூடப் பின்னி வைத்திருந்தாள்.

"உன் மகளுக்கு ஜனவரியில..." என்று தணிந்த குரலில் தொடங்கினார்.

"ஆமா மாமா. போக முடியாது." அழுதுகொண்டேதான் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்குக் கதவைத் திறக்கணும். நேரத்துக்கு வந்து சேருங்க. நான் காத்துக்கிட்டு நிக்க மாட்டேன்."