குடிக்காதவரின் கல்லீரல்

அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். இருபது வருஷத்தில் ஒரு குழந்தைக்கும் கீறல்கூடப் பட்டதில்லை. கல்லீரலில் கொழுப்பேறி, தழும்பு விழுந்து கிடக்கிறது என்று ஸ்கேனில் வந்தபோது, அவர் மனைவி பதறவில்லை. அதானே பார்த்தேன் என்றுதான் அவள் மனசு சொன்னது. அவளைப் பெற்றவர் குடித்தே ஈரல் வெந்து செத்தவர். குடிகாரர்களின் பொய் எத்தனை வகை என்பது அவளுக்கு அத்துப்படி.

தான் தொட்டதே இல்லை என்று அவர் சொன்னார். அவள் தலையாட்டினாள், நம்பவில்லை. வேன் சீட்டுக்கு அடியில் துழாவினாள், தண்ணீர் பாட்டிலை முகர்ந்தாள். அது அவருக்குத் தெரிந்துபோயிற்று. அதன்பிறகு தினமும் சாயங்காலம் வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே, அவள் முகத்துக்கு நேரே ஒருமுறை ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். அவளும் கூச்சமில்லாமல் முகர்ந்தாள். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

வயிற்றில் நீர் கோத்து அவர் வேலையை விட்டபின், பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்காக அவருடைய மலத்தைக் கேட்டார்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அவள்தான் எடுத்துப் போனாள். இதில் என்னதான் பார்ப்பீர்கள் என்று ஆய்வகத்து டாக்டரம்மாவிடம் கேட்டாள். அந்த அம்மாள் பொறுமையாகவே சொன்னாள். குடலில் கோடிக்கணக்கில் வைரஸ்கள் உண்டு. பெரும்பாலானவை நம்மை விட்டுவிட்டு அங்கிருக்கும் பாக்டீரியாவைத்தான் தாக்கும். கல்லீரல் ரொம்பக் கெட்டவர்களிடம் அந்த வைரஸ் வகைகள் குறைந்து தெரிகின்றன. அவை குறைவதால் நோய் முற்றுகிறதா, நோய் முற்றுவதால் அவை குறைகின்றனவா என்பது இன்னும் பிடிபடவில்லை.

"அப்போ இவர் குடிச்சாரா இல்லையான்னு இதுல தெரிஞ்சிடுமா?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "குடிக்கிறவங்களை இதுல சேர்க்கவே மாட்டோம்மா. ரத்தம், முடி எல்லாம் சோதிச்சுதான் எடுத்தோம். குடியோட அடையாளமே அவர்கிட்ட இல்ல. குடிக்காதவங்களுக்கும் இந்த நோய் வரும்."

பஸ் பிடித்து வீடு வந்தாள். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். கால்மாட்டில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னாள். சந்தேகப்பட்டது தன் தப்புதான் என்றாள்.

"நான் சொன்னப்போ நம்பல," என்றார் அவர். "என் பீ சொன்னதும் நம்பிட்டே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அவர் சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மேற்கொண்டு நான்கு மாதம் இருந்தார். கொடுத்ததைச் சாப்பிட்டார், நேரத்துக்கு மாத்திரை விழுங்கினார், கோபமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளாகப் பேச்சுக் கொடுத்தால் 'ம்' என்பார். கடைசி வாரம் நினைவு தப்பியது. ஒரு குழந்தை இன்னும் வேனில் ஏறவில்லை என்று ஓயாமல் முனகிக்கொண்டிருந்தார்.

"ஏறிடுச்சு, வண்டிய எடுங்க," என்று அவள் சொன்னபிறகுதான் தூங்கினார்.