பாதியில் தாழ்ந்த கோடு

மூளைப் படங்களை ஆராயும் அந்தக் கூடத்தில் அவருக்குக் கத்திரிக்கோல் என்று பெயர். ஸ்கேன் எடுக்கையில் தலை அசைந்தால் படம் கலங்கிவிடும். அத்தகைய படங்களைக் கண்டுபிடித்து ஆய்விலிருந்து நீக்கும் மென்பொருளை எழுதியவர் அவர். அரிசிமணிப் பருமன் அசைந்தாலும் அது தயவு பார்ப்பதில்லை.

அவருடைய தங்கையும் அவ்வாய்வில் சேர்ந்திருந்தாள். நரம்புகள் ஒவ்வொன்றாய்ச் செயலிழக்கும் நோய் அவளுக்கு. முதற்படம் எடுத்தபோது பேச்சு இருந்தது. "என் படத்தையும் வெட்டித் தொலைச்சிடாதண்ணே. எனக்கு உதவலேன்னாலும் பின்னாடி வர்றவங்களுக்கு ஆகட்டும்" என்று கேலிபோலக் கேட்டுக்கொண்டாள். அடுத்த படத்திற்குள் பேச்சு போயிற்று. ஆம் என்பதற்கு மோவாயைத் தாழ்த்துவாள். இல்லை என்பதற்குக் கண்களை மூடுவாள். மூன்றாம் படம் எடுத்த சில வாரங்களில் அவளே போய்விட்டாள்.

துக்கம் கழிந்து அவர் வேலைக்குத் திரும்பியபோது, மென்பொருள் அந்த மூன்றாம் படத்தைச் சிவப்பில் குறித்திருந்தது. ஒரு படம் நீங்கினால், விதிப்படி, மற்ற இரண்டும் நீங்கும். ஆய்வில் அவள் இருந்த சுவடே இராது.

ஸ்கேன் எடுக்கும் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் அமர்ந்தார்.

"அசைவு வரம்பைக் கொஞ்சம் தளர்த்திவிடு தம்பி. ஊரார் படத்தையெல்லாம் வெட்டின கத்திரிக்கோல், ஒரு தடவை மழுங்கினா குடியா முழுகிடும்?"

"அதுக்குத்தான்க்கா உட்கார்ந்திருக்கேன்."

வரம்பு எண்ணை அழித்தார். எவ்வளவு தளர்த்தினால் போதும் என்றறிய, தலையசைவின் வரைபடத்தைத் திறந்தார். பாதிவரை கோடு தேங்கிய நீர்போல் கிடந்தது. நடுவில் மூன்று பள்ளங்கள். பின்னர் இறுதிவரை அசைவில்லை.

"நடுக்கமா இருக்கும்" என்றார் அக்கா.

"நடுக்கம் இவ்வளவு நிதானமா வராதுக்கா. மோவாய் கீழே போயிருக்கு. பாதியில நான் மைக்கில பேசினேனே, என்ன கேட்டேன்?"

"'முடியலேன்னா நிறுத்திடலாமாம்மா'ன்னு கேட்டே. நிறுத்தணும்னா அழுத்தச் சொல்லிக் கையில குடுத்த பந்தை அவ அழுத்தலையே. அதனாலதானே தொடர்ந்தோம்? உள்ளே போறப்போ அழுத்திக் காட்டினாளே."

"அதுக்குள்ள விரல் சோர்ந்திருக்கும்."

ஸ்கேன் குழாய்க்குள் கிடந்தவளின் மோவாய் வெளியே இருந்தவர்களுக்குத் தெரிந்திராது.

மூன்று பள்ளங்கள். ஆம், ஆம், ஆம். அதன்பின் அவ்வளவு நேரமும் அவள் அசையாமற் கிடந்திருக்கிறாள். அண்ணனுடைய படம் கெடலாகாது என்றா, கேட்டும் பயனில்லை என்றா. அதைச் சொல்லும் கோடு எதுவும் அங்கு இல்லை.

"பாக்கிப் படம், அவ போதும்னு சொன்னப்புறம் எடுத்தது" என்றார் அவர்.

"வெட்டாதேன்னு சொன்னதும் அவதானே தம்பி?"

"அவதான். ஆனா கடைசியாச் சொன்னது இது."

அழித்த எண்ணை முன்பிருந்தபடியே இட்டு, மென்பொருளை ஓடவிட்டார். பட்டியலில் அவளுடைய வரி மறைந்தது. அடுத்திருந்தவரின் வரி மேலேறி அவளிடத்தில் நின்றது.