பல் பிடுங்கிய பிறகு

சண்முகவடிவுக்கு மூக்கில் ரத்தம் வருவது புதிதில்லை. அவளுடைய அப்பாவுக்கும் அப்படித்தான் வரும். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும்போது வந்தால், சேலைத் தலைப்பால் அழுத்திப் பிடிப்பாள். நின்றதும் தன் தேயிலை நிரைக்குத் திரும்பிவிடுவாள். உதட்டிலும் நாக்கிலும் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. உடம்புச் சூடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

கடைவாய்ப் பல் பிடுங்கிய சில வாரத்தில் தலைவலி தொடங்கியது. பிறகு காய்ச்சல். தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த மருந்துக்கு எதுவும் கேட்கவில்லை. ஒரு காலை பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்குக் கிளம்பியவளால் கூடைக் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. வலது கை தொங்கியது. பேச்சும் குழறியது.

புருஷன் ஆண்டியப்பன் தேயிலை ஃபெக்டரியில் இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தான். படுக்காமலே அவளை லொறியில் ஏற்றி அட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கிருந்து கொழும்பு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

கொழும்பில் சிங்கள டாக்டர் அவளுடைய உதட்டைப் புரட்டிப் பார்த்தார். நெஞ்சையும் தலையையும் படம் பிடிக்கச் சொன்னார். அவர் சொன்னதையெல்லாம் நர்ஸ் சிசிலி தமிழில் சொன்னாள். அவளும் மலைநாட்டுப் பிள்ளைதான்.

"இவங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் மூக்குல ரத்தம் வருமாண்ணே?"

"இவ அப்பாவுக்கு வருங்க மிஸ்ஸி. கடைசில வலிப்பு வந்து செத்தாரு. முனி அடிச்சிருச்சுன்னாங்க."

"முனி இல்லண்ணே. நுரையீரல்ல ரத்தக் குழாய் தப்பா ஒட்டிக்கிட்டு இருக்கு. பரம்பரையா வர்ற வியாதி, மூக்குல ரத்தமும் உதட்டுப் புள்ளியும் அதனாலதான். பல்லு பிடுங்கினப்ப ரத்தத்துல கலந்த கிருமி நுரையீரல்ல வடிகட்டாம நேரா மூளைக்குப் போயி, சீழ் கட்டியிருக்கு. மண்டையில துளை போட்டு எடுக்கணும்."

"எடுக்கலைன்னா?"

சிசிலி சம்மதத் தாளை அவன் பக்கம் நகர்த்தினாள். ஆண்டியப்பன் கைநாட்டு வைத்தான்.

சண்முகவடிவு பிழைத்துக்கொண்டாள். பேச்சு திரும்பியது. வலது கை மட்டும் முழுதாக வரவில்லை. தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு, கொழுந்தெடுக்க ஆகாதென்று அவளைப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள விட்டார்கள். இனிமேல் பல்லில் கை வைப்பதானால் முதலில் கிருமிக்கு ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார். அதைச் சொல்ல ஆண்டியப்பனுக்கு நாளாயிற்று. ஒரு நாள் இரவு வேலை முடித்து வந்து சொன்னான்.

"நம்ம பிள்ளைங்க மூணையும் கொண்டாரச் சொன்னாங்க வடிவு. அதுங்களுக்கும் இது இருக்கான்னு படம் புடிச்சுப் பாக்கணுமாம்."

இடது கையால் சோறு பிசைந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள். அழுவாள் என்று நினைத்தான். அவளுக்கு அதற்கும் தெம்பில்லை.

"போகலாங்க. இந்த மழை விடட்டும்," என்றாள். "நீங்க கொஞ்ச நேரம் படுங்க."