பின்கொட்டில் மரவள்ளிக்கிழங்கு

இறக்குமதித் தடை நீங்கிய பின், எழுபத்தொன்பதாம் ஆண்டில் கச்சிமுகம்மதுவின் புடைவைக்கடைக்கு நல்ல காலம் பிறந்தது. கல்முனைக் கடைத்தெருவில் ஜப்பான் சேலை பார்க்க வருகிறவர்கள் அவர் கடைப்படியில்தான் ஏறினார்கள். வீட்டிலோ அவர் மனைவி சித்தி லைலா இன்னும் பஞ்ச காலத்திலேயே சமைத்துக்கொண்டிருந்தாள்.

விடியுமுன் சங்கக்கடை வரிசையில் பாண் ரொட்டிக்கு நின்ற வருடங்கள் அவள் கையைவிட்டுப் போகவில்லை. மூன்றாம் பால் பிழிந்த தேங்காய்ப்பூவையும் வீசாமல் வறுத்துச் சம்பல் இடிப்பாள். வடித்த கஞ்சியில் முருங்கையிலை போட்டுக் காய்ச்சுவாள். உலையில் போடுமுன் ஒரு பிடியைத் திரும்பவும் அரிசிப்பானைக்குள் போடுவாள். சந்தைக்குப் போவதும் வெயில் ஏறி, வியாபாரிகள் சாக்கை உதறும் நேரத்தில்தான். அப்போதுதான் மிஞ்சிய கத்தரிக்காயைக் குவியலாக அள்ளித் தருவார்கள். அதில் சொத்தையை வெட்டி எறிந்து நல்லதைச் சமைத்து வைத்தால் அவளுக்கு ஒரு பெருமை.

ஒருநாள் பகல் சாப்பாட்டில் மரவள்ளிக்கிழங்கைக் கண்டதும் கச்சிமுகம்மது தட்டைத் தள்ளி வைத்தார்.

“லைலா, பஞ்சம் முடிஞ்சி போச்சி. இனி இந்த ஊட்டுல கிழங்கும் வேணாம், மீன்தலையும் வேணாம். கொழும்பு முதலாளிமார் வந்து போற ஊடு இது.”

“சரி, நீங்க சொன்னாப்போல,” என்றாள் அவள்.

மறுநாளே கடைத்தெருவிலிருந்து டின்மீனும் பட்டரும் பெட்டியோடு வந்து இறங்கின. சமையல் கண் மூடித் திறக்குமுன் முடிந்தது. ஆனால் அடுப்படியில் அவளுக்கு வேலை செய்த மாதிரியே இல்லை. அவரும் பாதிச் சோற்றில் எழும்பிவிடுவார். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்தால் இஞ்சித் தேத்தண்ணி இல்லாமல் இருக்கமாட்டாத மனிதர், இப்போது அதையும் வேண்டாம் என்றார்.

“வயிறு சரியில்ல புள்ள.”

பட்டர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சித்தி லைலா கவலைப்பட்டாள். புளி கரைத்துப் புளியாணம் வைத்துக் கொடுத்தால் எல்லாம் சரிவரும். புளியாணத்துக்கோ மீன்தலை வேண்டும். கடைசியில், தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பன்புல் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தாள்.

பெரியநீலாவணை அன்னப்பிள்ளை, அபுல் ஹஸனின் தேத்தண்ணிக்கடைக்குப் பின்புறம், தென்னங்கிடுகு வேலி நிழலில் மீன் விற்பவள்.

“எங்க தங்கச்சி, இவ்வளவு நாளாக் காணல்ல? பாரைமீன் தலையெல்லாம் பூனைக்குத்தான் போகுது,” என்றாள் அவள்.

“மெல்லக் கதைங்க அக்கா. அவருக்குத் தெரிஞ்சா ஊட்டுல சண்டைதான். ரெண்டு தலையப் போட்டு, மேல வாழையிலையால மூடுங்க.”

அன்னப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவருக்குப் பயந்தா? அந்தக் கிடுக விலக்கிப் பாருங்க.”

சித்தி லைலா விலக்கிப் பார்த்தாள். கடையின் பின்கொட்டிலில், கவிழ்த்துப்போட்ட பெட்டியின்மேல், சாரத்தை மடித்துக் கட்டியபடி கச்சிமுகம்மது உட்கார்ந்திருந்தார். முன்னால் ஆவி பறக்கும் மரவள்ளிக்கிழங்கு, பக்கத்தில் கொச்சிக்காய்ச் சம்பல். உறைப்பில் அவருக்கு மூக்கால் வடிந்துகொண்டிருந்தது.

“இன்னும் ரெண்டு துண்டு வைக்கட்டா?” என்று கேட்டான் அபுல் ஹஸன்.

“ஓம், சம்பலும் வை.”

அவர் இஞ்சித் தேத்தண்ணியை ஒதுக்கியது ஏன் என்று அவளுக்கு இப்போது விளங்கியது. கிழங்கு தின்ற வயிற்றுக்கு இஞ்சி ஆகாது என்று பயப்படாதவர் அந்த ஊரில் இல்லை.

வேலி இடைவெளியால் உள்ளே நுழைந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

“இஞ்சாருங்க, வயிறு இப்ப எப்படி?”

வாயில் வைத்த துண்டு அவருக்கு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அப்படியே அவள் பையைப் பார்த்தார். இலை சரிந்து, ஒரு பாரைத்தலை வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தது.

“பையில என்ன?”

“திண்டு முடிங்க, மறுகா சொல்லுறன்.”

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அன்னப்பிள்ளையும் சேர்ந்துகொண்டாள்.

“என்ன செய்ய புள்ள,” என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “டின்மீன் திண்டு நாக்குச் செத்துப் போச்சி. வேணாமெண்டு நானே சொல்லிட்டு, எந்த முகத்தோட திரும்பக் கேக்குற?”

“என்னட்டக் கேக்க என்ன வெக்கம்?”

அபுல் ஹஸன் இடையில் புகுந்தான். “இவர் மட்டுமில்ல ராத்தா. நகைக்கடை மீராமுகைதீன் ஹாஜியாரும் வாற, அரிசிமில் முதலாளியும் வாற. ஒருத்தர் வாற மத்தவருக்குத் தெரியா. நேரம் பிரிச்சி வாறாங்க.”

சித்தி லைலா கணவர் பக்கம் திரும்பினாள். “வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிய எல்லாரையும் ஊட்டுக்குக் கூட்டி வாங்க. நான் அவிக்கிறன்.”

வெள்ளிக்கிழமை சவளக்கடைக் கிராமத்திலிருந்து வந்த கிழங்கு பெரிய பானையில் பூவாய் வெந்தது. மீன்தலைப் புளியாணம் தெரு முழுக்க மணந்தது. வந்த இருவரும் ஒருவரையொருவர் கண்டு திடுக்கிட்டுப் பாயில் விறைத்துப்போய் உட்கார்ந்தார்கள். முதல் துண்டு வாய்க்குள் போனதும் கதை தொடங்கியது. பாண் வரிசையில் நின்றபடியே ஹாஜியார் தூங்கிப்போனதையும், அந்த இடைவெளியில் கச்சிமுகம்மது அவரை முந்திப் போனதையும் மில் முதலாளி எடுத்துவிட்டார்.

“அது நீங்கதானா?” என்றார் ஹாஜியார், கச்சிமுகம்மதுவைப் பார்த்து. “இவ்வளவு காலமும் நான் வேற ஆள ஏசிட்டிருந்தனே.”

கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட சித்தி லைலா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பானையில் இரண்டு துண்டுதான் மிச்சம் இருந்தது. அடுப்பை ஊதி, இன்னொரு பானைக் கிழங்கை ஏற்றினாள்.