கட்டிப்பிடிக்கிற கொடியும் சந்திரவல்லியின் தோட்டமும்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பரமசிவன் கோயில் படியில் கற்பூரம் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்லலாம். நம்பிக்கை வராதவர்கள் போடியில் பஸ்சு ஏறி, குரங்கணியில் இறங்கி, ஜீப்பு பிடித்து மேலே போய், ஜீப்பு நிற்கிற இடத்திலிருந்து நடந்து பார்த்துக்கொள்ளட்டும். சந்தேகப்படுகிற ஆட்களுக்கு அவ்வளவு தூரம் ஏற முழங்கால் ஒத்துழைப்பதில்லை. ஆகவே இருந்த இடத்தில் இருந்து கேட்பதே அவர்களுக்கு நல்லது.

ஜீப்புத் தடம் முடிகிற இடத்துக்கு மேலேதான் சந்திரவல்லியின் ஏலக்காய்த் தோட்டம். புருசன் போன பிறகு தனியாளாக நின்று ஆண்டு வந்தாள். மதிக்கத் தகுந்தது என்று உலகத்தில் அவள் ஒத்துக்கொண்ட ஒரே பொருள், காய் பிடித்து நிற்கிற ஏலச்செடியின் தட்டை. தேயிலைக்காரர்கள் அவள் கணக்கில் செடிக்கு முடிவெட்டுகிறவர்கள். காப்பிக்காரர்கள், பூத்த பிறகு காய்க்கும் என்று குந்தியிருக்கிற சோம்பேறிகள். சமவெளியில் நெல் போடுகிறவர்களைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. சேற்றில் நிற்கிறவர்களிடம் என்ன பேச்சு?

இத்தனை பேரையும் தாண்டி, தன் வெறுப்பில் நல்ல பங்கை அவள் எடுத்து வைத்திருந்தது கொழுந்தன் சிவக்குமாருக்கு. போடியில் பெயிண்டுக் கடை வைத்திருக்கிறான். டப்பா மூடியைத் தவிர வாழ்நாளில் எதையும் திறந்து பார்த்திராத மனிதன் என்பது அவள் கணிப்பு. புருசனின் கருமாதி அன்று, பந்தி முடிந்து வெற்றிலை போட்ட கையோடு, உறவுக்காரர்கள் கூடி ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். ஏலம் நிற்கிற வரைக்கும் தோட்டம் மதினிக்கு. என்றைக்கு அது காடாகப் போகிறதோ அன்றைக்குத் தம்பிக்கு. அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் சிவக்குமார் ஒரே கேள்வியைத்தான் கேட்பான்.

"காடு எப்படி இருக்கு மதினி?"

"தோட்டம் நல்லா இருக்கு தம்பி. உங்க கடைச் செவுத்துல அடிச்ச பெயிண்டு காஞ்சிருச்சா?"

இப்படியே போயிருக்கும். நடுவில் அந்தக் கொடி வந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தார் அதற்கு திருதராஷ்டிரப் பச்சை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பீமன் என்று நினைத்து இரும்புச் சிலையைக் கட்டிப்பிடித்து நொறுக்கினானே கண் தெரியாத ராசா, அந்த மாதிரி அணைப்பு. எந்த தேசத்திலிருந்தோ வந்த கொடி. மரத்தைக் கட்டிப்பிடிக்கும், தட்டையைக் கட்டிப்பிடிக்கும், மேலே ஏறி வெயிலை மறைக்கும், அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். தோட்டத்து மேலோரத்தில் அது தலைகாட்டியபோது, வேலைக்கு வரும் ராக்கு வந்து சொன்னாள். இத்துனூண்டு இலைக்குப் போய் இவ்வளவு பயமா என்று சந்திரவல்லி திரும்பியும் பார்க்கவில்லை. ஐப்பசி மழை முடிவதற்குள் மேலோரத் தட்டைகள் எல்லாம் பச்சைப் போர்வைக்குள் போயிருந்தன. ஜீப்பு டிரைவர் வாய் சும்மா இருக்குமா? சேதி போடிக்கு இறங்கியது. சிவக்குமாரிடமிருந்து பதில் ஏறி வந்தது. தை பிறந்ததும் நேரில் வந்து பார்ப்பானாம்.

அப்போதுதான் சந்திரவல்லி தேனியிலிருந்து தொழில்முறை ஆளைக் கூப்பிட்டாள். அந்நியச் செடிகளை அகற்றுவதற்கென்றே ஒரு கம்பெனியாம். ஆரஞ்சுச் சட்டை, தலைக்கவசம், முழங்கால் உறை, தேயாத புது பூட்ஸ், எல்லாவற்றுக்கும் உள்ளே பிரதீப் என்று ஒரு பையன். கூடவே அதே சட்டையில் சில ஆட்கள். வந்ததும் செடியைத் தொடவில்லை. முதலில் சைட் சர்வே. ஒரு டிரோனைப் பறக்கவிட்டான். நின்ற இடத்தில் கண்ணைத் திறந்தாலே தெரிவதை, வானத்தில் ஏறிப் பார்த்துச் சொல்ல ஒரு பூச்சி. மரத்தில் இருந்த கருமந்தி ஒன்று அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, தன் குலத்தில் இப்படி ஒருவன் பறக்கவில்லையே என்ற ஏக்கம் துளியும் இல்லாமல், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. சந்திரவல்லிக்கு அந்தக் குரங்கின் மேல் ஒரு மரியாதை வந்தது.

ஆனால் அவன் வேலையில் குறை சொல்ல இடமில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம். வேரோடு பிடுங்கினான். கொடியை அறுக்காமல் கழியில் சுற்றிச் சுற்றி எடுத்தான். எல்லாவற்றையும் பாறையில் தார்ப்பாய் விரித்துக் குவித்தான். புறப்படும்போது கையைக் கட்டிக்கொண்டு ஒரு பிரசங்கம் செய்தான். நொறுங்கக் காயும்வரை இது பாறையை விட்டு இறங்கக் கூடாது. தை பிறந்ததும் இரண்டாவது ரவுண்டு வருவான்.

"ஒரு கணு மண்ணைத் தொட்டாப் போதும் மேடம், ஒரு செடி."

"தொட்டாலே பிள்ளை பெத்துருமாக்கும்," என்றாள் சந்திரவல்லி. "போயிட்டு வா அப்பு. பூட்ஸைத் தொடச்சுக்க, அழுக்காயிருச்சு."

இந்த இடத்தில் ஏலக்காரர்களின் புத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மழை விட்டதும் தட்டையின் தூரைச் சுற்றி இலைதழை பரப்பி மூடாக்குப் போடுவது அவர்கள் வழக்கம். கோடையில் ஈரம் காக்கும், மட்கினால் உரம். அதனால் வெட்டிப் போட்ட பச்சை எங்கே கிடந்தாலும் ஏலக்காரன் கை நமநமக்கும். கல்யாண வீட்டு வாழைமரத்தைத் தாலி கட்டுவதற்கு முன்னாலேயே அவிழ்த்துத் தூக்கிப்போன ஏலக்காரன் உண்டு. அப்படியிருக்க, ஒரு மலை அளவு பச்சையைப் பாறையில் போட்டுக் கருக வைக்கச் சொன்னால் எப்படி? சோலைக்குள் போய்ச் சருகு சுமக்கிற சோலியும் மிச்சம். ராக்கு தயங்கினாள். ஒரு பூட்ஸ்காரப் பயல் சொன்னதற்காக ஏலத்தைப் பட்டினி போடுவதா என்று சந்திரவல்லி தானே முன்னால் நின்று, தோட்டம் முழுக்க, ஒரு தூர் விடாமல், அந்தக் கொடியை மூடாக்காகப் போட்டு முடித்தாள். மேலோரத்தில் மட்டும் இருந்த சீக்கை இப்படித் தன் கையாலேயே எல்லாத் தட்டைக்கும் பரிமாறினாள். மார்கழிக் கடைசியில் மழை ஒன்று வழி தவறி வந்து பெய்துவிட்டும் போனது.

மறுநாள் காலையில் சந்திரவல்லி வீட்டுக் கதவு திறக்கவில்லை. கொடி வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ராக்கு வந்து உரித்துவிட்டாள். தோட்டத்தில் நின்றால் அது வளர்கிற சத்தம் கேட்டது, புதுச் சேலை மடிப்பைப் பிரிக்கிற மாதிரி சரசரவென்று. தடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு டிரைவர் ஒரு கட்டன் சாயா குடித்து முடிப்பதற்குள் ஸ்டியரிங்கில் இலை விட்டது. லோடு ஏற்றாமலே பின்பக்கம் நிறைந்திருந்தது. அவன் ஜீப்பை விட்டுவிட்டு நடந்தே இறங்கினான். கீழே தேவாரம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வாழை மேய்ந்துவிட்டு வந்த ஒற்றை யானை, தோட்டத்து ஓரத்து மரத்தில் சாய்ந்து சற்றுக் கண் அசந்தது. விழித்தபோது நான்கு காலும் கட்டு. மலையைச் சுற்றிப்பார்க்க வந்த கும்பல் ஒன்று அதைக் கோயில் யானை என்று முடிவு கட்டி, ஆசீர்வாதத்துக்கு வரிசையாகத் தலையை நீட்டியது. யானைக்கே அருவருப்பாகிவிட்டது. ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு கிளம்பியது. பின்னால் ஒரு கல்யாணப் பந்தல் அளவு பச்சை ஆடி அசைந்து போனது. கீழே தேவாரத்தில் அதைப் பார்த்தவர்கள் எந்தச் சாமிக்குத் தேர் என்று கேட்காமலே தேங்காய் உடைத்தார்கள். விசாரித்து உடைக்கிற பழக்கம் அங்கே கிடையாது.

இதெல்லாம் சந்திரவல்லிக்குப் பொருட்டில்லை. பச்சைக்கு அடியில் ஏலம் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. தையும் பிறந்துவிட்டது.

சிவக்குமார் சொன்னபடி வந்தான். வெள்ளைச் சட்டை, குடை, உட்காரக் கடையிலிருந்தே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மதினி வீட்டு நாற்காலியை அவன் நம்பத் தயாரில்லை. தோட்டத்து நடுவில் நாற்காலியைப் போட்டு, கால்மேல் கால் போட்டு, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான்.

"காடு மதினி. பார்த்தாலே தெரியுது, காடு."

சந்திரவல்லி ராக்குவிடம் சொல்லி அவனுக்குச் சாயா மட்டும் கொடுத்தாள்.

அத்தோடு எழுந்து போயிருந்தால் தோட்டம் அவனுடையது. ஆனால் ஜெயித்தவன் வாய் லேசில் மூடாது. தட்டைகளை எல்லாம் தள்ளிவிட்டு இங்கே ரிசார்ட் கட்டப் போகிறானாம். ஒவ்வொரு காட்டேஜுக்கும் ஒரு கலர். ரோஸ், மஞ்சள், ஆகாய நீலம், அதிலும் எத்தனை சாயல் உண்டு என்று ஆரம்பித்தான். கொடி முதலில் நாற்காலிக் காலைச் சுற்றியது. மஞ்சளில் மாம்பழ மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசத்தை அவன் விளக்கும்போது கணுக்காலுக்கு வந்தது. நீலத்தில் இடுப்பு. சந்திரவல்லி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, அவள் சுபாவத்துக்கே ஒவ்வாத பணிவோடு, பச்சையில் எத்தனை வகை தம்பி என்று கேட்டாள்.

பச்சையைச் சொல்லி முடித்து அவன் எழுந்தபோது நாற்காலியும் கூட எழுந்தது. இரண்டும் சேர்ந்து திரும்ப உட்கார்ந்தன.

"மதினி, வெரசா அந்த அருவாளைக் கொண்டாங்க."

"எதுக்கு தம்பி?"

"இந்தக் கொடிய வெட்டத்தான்."

"வெட்டக் கூடாதாம் தம்பி. ஒரு கணு விழுந்தா ஒரு செடியாம். படிச்ச பிள்ளை சொல்லிட்டுப் போயிருக்கு."

படித்த பிள்ளை இரண்டாவது ரவுண்டுக்கு வந்து சேர்ந்தபோது கொடி சிவக்குமாரின் நெஞ்சுக்கு வந்திருந்தது. பிரதீப் மூடாக்கைப் பார்த்தான், சந்திரவல்லியைப் பார்த்தான், எதுவும் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் விட்டதை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. பிறகு சிவக்குமாரைச் சுற்றி வந்து சைட் சர்வே செய்தான். தட்டையோடு சேர்த்து அவனையும் பாதிக்கப்பட்ட பகுதியில் சேர்த்துக்கொண்டான். வேலை ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு விளக்கம் வேண்டும் என்றான்.

"இது தோட்டமா, காடா மேடம்? ஆளுங்க பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு. சொந்த இடத்துல மட்டும்தான் நாங்க வேலை செய்வோம். காடுன்னா கை வைக்க எங்களுக்கு அனுமதி கிடையாது. இப்படியே விட்டுட்டுப் போயிருவோம்."

சந்திரவல்லி முந்தானையை இழுத்துச் செருகினாள். ராக்குவைப் பக்கத்தில் வந்து நின்று நன்றாகக் காது கொடுக்கச் சொன்னாள்.

"எனக்கென்ன தெரியும் அப்பு. இந்தா, விவரம் தெரிஞ்சவரு உக்காந்திருக்காரு. அவரைக் கேளு."

சிவக்குமார் வானத்தைப் பார்த்தான். கழுத்தில் ஒரு தளிர் ஏறி, காது மடலைத் தடவி, உள்ளே போகலாமா என்று யோசித்தது.

"தோட்டம்," என்றான்.

"மூக்குக்குள்ள பேசாதீங்க தம்பி. ராக்குவுக்குக் கேக்கணும்ல."

"தோட்டம்தான் மதினி. ஏலத்தோட்டம்."

"யாரு தோட்டம்?"

"உங்க தோட்டம். ஏலம் நிக்கிது. நான் கண்ணால பார்த்தேன். போதுமா?"

போதும். பிரதீப் வேரைத் தேடி எடுத்து, முறைப்படி அறுக்காமல் சுற்றி எடுத்தான். சிவக்குமார் மேலிருந்து கொடியைச் சுற்றி எடுப்பதை விட, கொடிக்குள்ளிருந்து சிவக்குமாரைச் சுழற்றி எடுப்பது சுலபம் என்று ஆரஞ்சுச் சட்டைகள் கண்டுபிடித்தன. பம்பரம் மாதிரி சுழன்று வந்தான். சட்டை மடிப்பில் ஒன்றிரண்டு கணு ஒட்டியிருக்கலாம் என்பதால் அவனையும் பாறையில் தார்ப்பாய் மேல் படுக்க வைத்து, வெயில் சாயும்வரை புரட்டிப் புரட்டிக் காயவைத்தார்கள். கணு ஒன்றுகூட மண்ணைத் தொடவில்லை. மூடாக்கு முழுவதும் தூர் தூராக வழித்தெடுக்கப்பட்டுப் பாறைக்குப் போனது, நொறுங்கியது, சாம்பலானது. அடியில் ஏலம் வெளிறிப்போய், ஆனால் உயிரோடு நின்றது.

அந்தப் பையன் பெரிய கெட்டிக்காரன்தான் என்று ராக்கு ஒரு நாள் சொன்னாள். சந்திரவல்லி உதட்டைப் பிதுக்கினாள்.

"சொல்லிக் கொடுத்தத அப்படியே செய்றான். அதைக் கிளியும் செய்யும்."

தோட்டம் இன்றுவரை சந்திரவல்லி கையில்தான் இருக்கிறது. காடாகிவிட்டது என்று யாரும் மேலே வந்து பார்த்துச் சொல்லவில்லை.

இன்னொரு சத்தியமும் உண்டு. சிவக்குமாருக்கு வளைவு ரோட்டைக் கண்டாலே வாந்தி வரும். பிறந்ததிலிருந்து அவன் குரங்கணிக்கு மேலே ஒரு தடவைகூட ஏறினதில்லை.