கவிழ்ந்த 'ப'

காலை ஐந்தே முக்கால். சங்கரி கண்ணாடி முன்னால் நின்று, தொண்டையைப் பிடித்துக்கொண்டு "ஹ" என்றாள். பிறகு "க" என்றாள். இரண்டும் இல்லை.

அந்த ஹீப்ரு எழுத்தைப் படிப்பதில் சிக்கல் இல்லை. 'ப'வைக் கவிழ்த்துப் போட்டால் அதுதான். ஹீப்ருவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், அதுவும் பழகிவிட்டது. வாயில்தான் வரவில்லை. போன வாரம் அவள் வேலை பார்க்கும் லாட்ஜில் தங்கிய ஒரித் என்ற இஸ்ரேல்காரப் பெண் கழுத்தைத் தொட்டுக் காட்டி இருபது தடவை சொல்லிக்கொடுத்தாள். இருபது தடவையும் சங்கரி "ஹ" என்றாள். இருபது தடவையும் ஒரித் சிரித்த முகத்தோடு இல்லை என்றாள். அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை.

இன்று பத்து மணிக்கு ஒரித்தின் ஊர்க்காரர்கள் பதினான்கு பேர் மாமல்லபுரம் வருகிறார்கள். பெயர்ப் பட்டியல் ஹீப்ருவில் ஃபேக்ஸில் வந்திருந்தது. ஐந்து பெயர்கள் அந்த எழுத்தில் தொடங்கின. முதலாளி திருவேங்கடம் நேற்றே சொல்லிவிட்டார்.

"எதிர் லாட்ஜ்காரன் பேர் சொல்லிக் கூப்டே ஆளுங்களை இஸ்துகினு போறான். நீயும் பேர் சொல்லிச் சாவி குடுத்தீன்னா டேபிள்ல குந்து. இல்லாங்காட்டி பழையபடி பெட்ஷீட் தொவைக்கப் போ."

ஆறு வருஷம் துவைத்தவள். சாவி கொடுக்கிற வரவேற்பு டேபிளுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

பின்பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்தது. புருஷன் தமிழ்வாணன் நாக்கு வழிக்கிறான். சங்கரி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பதினோரு வருஷமாக இந்த நேரத்துக்கு அவன் அடித்தொண்டையிலிருந்து காறுவான். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். இன்னொரு தடவை காறினால் செய்யூரில் அம்மா வீட்டுக்கே போய்விடுவேன் என்று நேற்றுதான் கத்தித் தீர்த்திருந்தாள்.

இன்று சத்தமே வரவில்லை.

வராத சத்தம் மனதுக்குள் கேட்டது. சங்கரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரித்தின் தொண்டையிலிருந்து வந்தது அதுதான். துப்புவதற்கு முன்னால் வருகிற அந்தப் பாதி.

பட்டியலோடு குழாயடிக்கு ஓடினாள்.

"யோவ், காறு."

"இன்னாமே, காலங்காத்தால நக்கலா?"

"மெய்யாலுமே கேக்குறேன். அந்த எழுத்து இதான்யா. ஒரு வாட்டி காறிக் காட்டு."

"மாடுகூட இப்டிக் கத்தாதுன்ன நேத்து."

"சொன்னேன். இப்ப கத்து."

தமிழ்வாணன் வாயைத் துடைத்துக்கொண்டான். அதிகாரி முன்னால் இருமுகிறவனைப் போல "ஹ" என்றான்.

"இது எனக்கே வருதே. எப்பவும் பண்றதப் பண்ணு."

"சொல்லி வெச்சா வராதுமே."

ஆறரை மணி பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. சங்கரி சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். நாக்கு வழிப்பானை மறுபடி அவன் கையில் திணித்தாள். அவன் வழித்தான், கொப்பளித்தான், ஓரமாகக் குனிந்து சத்தமில்லாமல் துப்பினான். பக்கத்து வீட்டு நாய் சுருண்டு படுத்திருந்தது.

"நேத்து வரைக்கும் தெருவே எழுந்துகினு இருந்துச்சு," என்றாள் சங்கரி. "இன்னிக்கு இன்னாய்யா வந்துச்சு உனக்கு?"