வொங்கானிக்கு வந்த கேள்வி

சில்வா ஏரி வற்றும்போது மீன்கள் எங்கே போய் ஒதுங்குகின்றன என்று பார்க்க வொங்கானி வருடக்கணக்கில் சேற்றில் கிடந்தான். அவனுடைய முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி டாக்டர் எலுபி. ஆய்வாளர்கள் எங்கே கூடினாலும் அவனை இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவார். நாலு பேர் அறிந்த ஏரி ஆய்வாளர்களில் அவனும் ஒருவனாகிவிட வேண்டும். அந்த ஆசை அவனைவிட அவருக்குத்தான் அதிகம்.

மங்கோச்சி மாநாட்டுக்குப் போகிற மினிபஸ்ஸில் வொங்கானி தயங்கித் தயங்கிச் சொன்னான். "டாக்டர், இந்த வாட்டி கேள்வி கேட்டா நானே பதில் சொல்றேன்."

"நீ வாயத் திறக்கறதுக்குள்ள அவங்க டீ குடிக்கப் போயிடுவாங்கப்பா," என்று எலுபி சிரித்தார். "சரி, நீயே சொல்லு. நான் குறுக்க வரல."

ஏரி வற்றும்போது மீன்கள் ஓடைகளில் போய் ஒதுங்குவதைப் பற்றி வொங்கானி மேடையில் நன்றாகவே பேசினான். முடித்ததும் கென்யாவிலிருந்து வந்த பேராசிரியர் வஃபூலா எழுந்தார். "ஓடையில ஒதுங்கற மீனையும் ஆளுங்க பிடிச்சிட மாட்டாங்களா?"

மூத்தவர் கேட்டதும் வெடுக்கென்று பதில் சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. வொங்கானி கைகளைக் கோத்து, தலை தாழ்த்தி, சற்றுப் பொறுத்தான். எலுபிக்கு அது தெரியாததா? ஆனாலும், பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடுவார்களே! மைக்கை வாங்கி அவரே பதிலைப் பொழிந்துவிட்டார். சபை கைதட்டியது.

சாப்பாட்டு வேளையில் வஃபூலா எலுபியைத்தான் தேடி வந்து பேசினார். வொங்கானி நிசிமா என்கிற மக்காச்சோளக் களித் தட்டோடு பின்னால் நின்றான். திரும்பும்போது, "ரொம்ப நன்றி டாக்டர்," என்றான்.

சில மாதங்களில், ஆய்வேட்டை முடிக்காமலே அவன் வடக்கே தொலைவில் உள்ள கரோங்காவில் பள்ளி வாத்தியாராகிவிட்டான். எலுபி போனில் கெஞ்சிப் பார்த்தார்.

"அங்க எனக்கு என்ன வேலை டாக்டர்? என்னைவிட நீங்களே நல்லா சொல்றீங்க."

குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே அப்படி நம்பினான். எலுபியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறு வருடம் வஃபூலா ஆய்வுக் குழுவுக்கு ஆள் சேர்க்க, எலுபி வேலை பார்க்கும் ஜோம்பா பல்கலைக்கழகத்துக்கே வந்தார். "ஓடையும் காஞ்சு போச்சுன்னா மீன் எங்க ஒதுங்கும்?"

எலுபி வாயைத் திறந்தார். சேற்றில் நின்றது அவரா என்ன?

"அதை வொங்கானிகிட்டதான் கேக்கணும்."

வஃபூலா புருவத்தைச் சுருக்கினார். "வொங்கானியா? யாரு அது?"